கமாவுக்கு அந்தப் பக்கம் யார்? நூலகப் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வு மாணவி ஒருவர் தன் ஆய்வேட்டின் துணைநூற் பட்டியலை என்னிடம் காட்டினார். இந்திரா பார்த்தசாரதியின் நாவல்களும் நாடகங்களும் வரிசையாக இருந்தன. அவற்றுக்குக் கீழே சிலப்பதிகாரத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு, கொலம்பியா பல்கலைக்கழகப் பதிப்பகம், 1993.

"இது இ.பா. செய்தது இல்லையேம்மா" என்றேன்.

"நம்ம கேட்லாக்ல பார்த்துத்தான் சார் எடுத்தேன். அவர் பேரை க்ளிக் பண்ணினா இதுவும் வந்தது."

உட்கார்ந்து பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், தவறு எங்களுடையது. சிலப்பதிகாரத்தை மொழிபெயர்த்தவர் ஆங்கிலக் கவிஞரான ஆர். பார்த்தசாரதி, 1934-ல் பிறந்தவர். நம் இ.பா. 1930-ல் பிறந்தவர், அவருடைய இயற்பெயரும் ஆர். பார்த்தசாரதிதான். முன்பு எங்கள் நூலகத்தில் பட்டியல் செய்த யாரோ ஒருவர், இ.பா.வின் இயற்பெயர் தமக்குத் தெரியும் என்ற உற்சாகத்தில் அவர் புத்தகங்களையெல்லாம் 'பார்த்தசாரதி, ஆர்.' என்ற தலைப்புக்கு மாற்றியிருந்தார். சிலப்பதிகாரப் புத்தகத்தின் முகப்பிலோ ஆர். பார்த்தசாரதி என்றே அச்சாகியிருந்தது. கணினிக்கு இரண்டும் ஒரே எழுத்து வரிசை. இரண்டு மனிதர்கள் ஒரு பெயருக்குள் போய்விட்டார்கள்.

ஊர், கல்லூரி பெயரெல்லாம் வேண்டாம், நடுத்தர அளவுள்ள ஒரு கல்லூரி நூலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பட்டியல் மூன்று காலங்களைப் பார்த்தது. முதலில் மர இழுப்பறைகளில் அட்டைகள். அப்புறம் ஆங்கிலத்தில் மட்டுமே தட்டக்கூடிய ஒரு பழைய மென்பொருள். அதற்குப் பின் கோஹா என்ற நூலக மென்பொருள். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் பழைய சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்தோமே தவிர, பிரித்துப் பார்க்கவில்லை. மாணவியின் பட்டியல்தான் மூட்டையைப் பிரிக்க வைத்தது.

முதலில் கண்ணில் பட்டது கமா. எழுத்தாளர் பெயரில் கமா ஏன் வந்தது என்று எங்கள் உதவியாளர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "அப்படித்தான் போடணும்" என்பதுதான் பதில். அட்டைக் காலத்தில் அதற்கு ஒரு வேலை இருந்தது. ஓர் அட்டையை ஓர் இடத்தில்தான் செருக முடியும், அகரவரிசையில் எந்தச் சொல்லின் கீழ் செருகுவது என்று முடிவு செய்தாக வேண்டும். குடும்பப் பெயரால் மனிதர்களைத் தேடும் நாடுகளில் குடும்பப் பெயரை முன்னால் இழுத்து, மீதியைக் கமாவுக்குப் பின்னால் தள்ளினார்கள். அந்த ஏற்பாடு அங்கே பொருந்தியது. நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது ஊர், அப்பா, கணவர், சில வேளை அம்மா, அப்புறம் அவரவர் பெயர். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' அவருடைய தாயார் சண்முகவடிவு.

விதிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. 1978-ல் வந்த ஆங்கில-அமெரிக்கப் பட்டியலாக்க விதிகளின் இரண்டாம் பதிப்பு தமிழ், தெலுங்கு, கன்னட, மலையாளப் பெயர்களுக்கென்றே ஒரு தனி விதி வைத்திருந்தது. குடும்பப் பெயர் இல்லாவிட்டால் அவரவர் சொந்தப் பெயரின் கீழ் பதியுங்கள், அதற்கு முன்னால் ஊர்ப் பெயரோ தந்தை பெயரோ வரலாம், பின்னால் சாதிப் பெயர் வரலாம் என்று அது விளக்கமே தருகிறது. பின்னால் வந்த ஆர்.டி.ஏ. விதிகளும் இதைக் கைவிடவில்லை. ஆனால் இந்த விதி நடைமுறைக்கு வரும்போது 'கடைசிச் சொல்லைப் பிடி, கமா போடு' என்று சுருங்கிவிடுகிறது. சொந்தப் பெயர் எது என்று தெரிந்துகொள்ள நேரம் வேண்டும். கடைசிச் சொல்லைப் பிடிக்க எதுவும் வேண்டாம்.

அப்படிப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் பட்டியலிலேயே ஒரு ஜோடி கிடைத்தது. இந்திரா பார்த்தசாரதி, ராஜம் கிருஷ்ணன். இரண்டு பெயரும் ஒரே அச்சு: ஒரு பெண் பெயர், பின்னால் ஓர் ஆண் பெயர். இ.பா. ஆண். மனைவி இந்திராவின் பெயரை முன்னால் வைத்துக்கொண்டவர், அவருடைய சொந்தப் பெயர் பின்னால் இருக்கிறது. ராஜம் கிருஷ்ணன் பெண், 1925 முதல் 2014 வரை வாழ்ந்தவர். அவருடைய சொந்தப் பெயர் முன்னால் இருக்கிறது, பின்னால் இருப்பது கணவர் பெயர். கடைசிச் சொல் விதிப்படி இ.பா. 'பார்த்தசாரதி'யில் சரியாக விழுவார். ராஜம் கிருஷ்ணனோ 'கிருஷ்ணன், ராஜம்' ஆகிக் கணவரின் பெயருக்குள் காணாமல் போவார். எங்கள் பட்டியலில் அப்படித்தான் போயிருந்தார். எந்த நிரலும் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. பெயரின் வடிவத்தில் விடை இல்லை, பெயருக்குச் சொந்தக்காரரின் வாழ்க்கையில்தான் இருக்கிறது.

இதில் எனக்கும் சக நூலகர் ஒருவருக்கும் பெரிய வாதமே நடந்தது. "அவங்களே கணவர் பேரைப் பின்னால போட்டுக்கிட்டாங்க. குடும்பப் பெயர் மாதிரிதானே பயன்படுத்தியிருக்காங்க? அப்படிப் பயன்படுத்தினா அதன் கீழ பதியணும்னு விதியே சொல்லுது" என்றார் அவர். நல்ல கேள்வி, எளிதில் தள்ளிவிட முடியாது. நான் சொன்னது இதுதான்: விமர்சகர்கள் யாராவது 'கிருஷ்ணனின் நாவல்களில்' என்று எழுதிப் பார்த்திருக்கிறோமா? 'ராஜம் கிருஷ்ணன்' என்று முழுதாகச் சொல்வார்கள், அல்லது 'ராஜம்' என்பார்கள். வாசகர் எந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறாரோ அதுதான் கதவு. கடைசியில் அவர் ஒப்புக்கொண்டார். முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

இந்தத் துறையின் தந்தை என்று நாம் கொண்டாடுபவரின் பெயரே ஒரு பாடம். எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளையும் 1934-ல் தனியாக ஒரு பட்டியலாக்க நெறிமுறையையும் வெளியிட்டவர். 'எஸ்' என்பது சீர்காழி, அன்றைய ஆங்கில எழுத்துமுறையில் ஷியாலி. 'ஆர்' அப்பா ராமாமிர்தம். இவரைத் தமிழ்ப் புத்தகங்களில் தேடினால் எஸ்.ஆர். ரங்கநாதன், சீ.இரா. அரங்கநாதன், இரங்கநாதன் என்று விதவிதமாக வருகிறார். ஒரே மனிதர் அ, இ, எ, சீ, ர என்று ஐந்து இடங்களில் நிற்கிறார். வாசகரின் நேரத்தைச் சேமி என்று விதி எழுதியவரைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடிக்கிறது. எங்கள் பட்டியலில் இவருக்கு நான்கு தனித்தனித் தலைப்புகள் இருந்தன, ஒன்றையொன்று அறியாமல்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? எங்களுக்கு உதவியது ஒரு சாதாரணப் பிரிப்பு. அட்டைக் காலத்தில் மூன்று வேலைகளை ஒரே வரி செய்தது. பெயரைக் காட்டுவது, வரிசையில் வைப்பது, ஆள் இன்னார் என்று அடையாளம் சொல்வது. கணினியில் இந்த மூன்றையும் ஒரே வரியின் தலையில் கட்ட வேண்டியதில்லை. அதனால் மூன்றையும் தனித்தனியாக முடிவு செய்தோம்.

காட்டுவதில் விவாதமே இல்லை. புத்தக முகப்பில் எப்படி இருக்கிறதோ அப்படியே, கமா இல்லாமல், திருப்பிப் போடாமல். தேடல் முடிவில் 'பார்த்தசாரதி, இந்திரா' என்று பார்க்கிற வாசகருக்கு அது ஒரு நொடி வேறு யாரோ போலத் தெரிகிறது. கோஹாவில் திரையில் வரும் வடிவத்தை மாற்ற வழி உண்டு, நிரல் தெரிந்த ஒரு தம்பி அரை நாளில் செய்து கொடுத்தார். உண்மையில் முழு வேலையிலும் சுலபமானதும் வாசகர்கள் உடனே கவனித்ததும் இதுதான்.

அடையாளம் சொல்வதுதான் உயிர்நாடி. எழுத்தாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் அத்தாரிட்டி பதிவு, அதாவது ஆள் இன்னார் என்று சொல்லும் தனிப் பதிவு, அதற்கு ஓர் எண். புத்தகப் பதிவு பெயரோடு இணையக் கூடாது, எண்ணோடு இணைய வேண்டும். அந்தப் பதிவுக்குள் அவருடைய எல்லா வடிவங்களும் 400-ஆம் புலத்தில் மாற்றுப் பெயர்களாகப் போகும். வாசகர் எதைத் தட்டினாலும் ஆளிடம் வந்து சேருவார். இ.பா.வுக்கு 'ஆர். பார்த்தசாரதி' இப்போது ஒரு மாற்றுப் பெயர் மட்டுமே. மற்ற பார்த்தசாரதிக்குத் தனி எண், பக்கத்தில் பிறந்த ஆண்டு. ஆண்டு மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. 1930 என்றும் 1934 என்றும் இரண்டு பார்த்தசாரதிகளைப் பார்க்கிற மாணவிக்கு எது யார் என்று எப்படித் தெரியும்? 'கவிஞர், மொழிபெயர்ப்பாளர்' என்று தொழிலையும் சேர்த்தோம், விதியும் இடம் கொடுக்கிறது. உலகப் பதிவோடு இணைந்திருக்கட்டும் என்று, கிடைத்தவர்களுக்கு வியாஃப் (VIAF) என்ற பன்னாட்டுப் பெயர்ப் பதிவுத் தொகுப்பின் எண்ணையும் போட்டு வைத்தோம்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. பதிவுப் படிவத்தில் பாலினம் என்று ஒரு பெட்டி இருந்தது. உதவியாளர் ஒருவர் மிகச் சிரத்தையாக நிரப்பியிருந்தார்: இந்திரா பார்த்தசாரதி, பெண். சுஜாதா, பெண். எஸ். ரங்கராஜனுக்குத் தன் மனைவி பெயரில் எழுதியதற்கு இப்படி ஒரு பலன். ரா.கி. ரங்கராஜன் ஏற்கனவே எழுதிக்கொண்டிருந்ததால்தான் அவர் வேறு பெயருக்குப் போனார், அதாவது பட்டியல்காரர்களின் தலைவலியை எழுத்தாளரே முன்கூட்டித் தீர்த்து வைத்தார். அந்தப் பெட்டியை எடுத்துவிட்டோம். அமெரிக்காவைச் சார்ந்த கூட்டுப் பட்டியலாக்கத் திட்டமே 2022-ல் பாலினத்தைப் பதிய வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

வரிசையில் வைப்பதுதான் சிக்கலானது. சொந்தப் பெயரின் கீழ் என்பதே விதி, பெரும்பாலும் பின்பற்றினோம். உ.வே. சாமிநாதையர் 'சா'வில், மு. வரதராசன் 'வ'வில். இலங்கை எழுத்தாளர்களில் தந்தை பெயர் முழுதாக முன்னால் வருவதுண்டு. கார்த்திகேசு சிவத்தம்பி என்றால் சிவத்தம்பியில்தான் தேட வேண்டும், 'கா. சிவத்தம்பி'யும் அவரேதான். அப்துல் கலாமை வெட்டவே கூடாது. 'அப்துல்' என்பது 'இன்னாரின் அடியான்' என்று அடுத்த சொல்லோடு ஒட்டி நிற்பது, 'கலாம், அப்துல்' என்றால் பொருளே போய்விடும். எங்கள் பட்டியலில் அதுவும் இருந்தது.

ஒரே இடத்தில் விதியை மீறினோம், தெரிந்தே மீறினோம். சுந்தர ராமசாமி. சுந்தரம் அப்பா பெயர், எனவே விதிப்படி 'ராமசாமி, சுந்தர'. அப்படிப் பதிந்தால் அகரவரிசையில் அவருக்கு ஒரு பக்கம் ஈ.வெ. ராமசாமி, மறுபக்கம் சோ ராமசாமி. அந்த இரண்டு பேரையும் அடுத்தடுத்து உட்கார வைக்கிற அகரவரிசையின் குறும்பை நான் ரசித்தேன், மறுக்கவில்லை. ஆனால் வாசகர் அவரை 'சு'வில்தான் தேடுகிறார். சு.ரா. என்றுதான் சொல்கிறார். சுந்தர ராமசாமி என்பது இரண்டாகப் பிரியாத ஒரே பெயராகவே தமிழில் ஆகிவிட்டது. பெயரைத் திருப்ப வேண்டாம் என்று கணினிக்குச் சொல்லும் குறியீடாக முதல் இண்டிகேட்டரில் 0 போட்டு, பெயரை உள்ளபடியே விட்டோம். பசுவய்யா என்ற பெயரில் அவர் எழுதிய கவிதைகளை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அந்தப் பெயருக்குத் தனிப் பதிவு வைத்து, இரண்டுக்கும் இடையே 'இதையும் பார்க்க' என்று பாலம் போட்டோம். அம்பைக்கும் இதே வழி. கதைகளில் அவர் அம்பை, ஆங்கில ஆய்வு நூல்களில் சி.எஸ். லக்ஷ்மி. இரண்டையும் ஒன்றாக்கினால் அவர் தனித்தனியாக வைத்துக்கொண்ட இரண்டு வேலைகளை நாம் கலந்துவிடுவோம்.

யோசித்துப் பார்த்தால் நம் தொகுப்பாளர்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள். குறுந்தொகையின் 40-ஆம் பாடலைப் பாடியவர் பெயர் தெரியவில்லை. பாட்டிலிருந்த உவமையையே எடுத்துச் செம்புலப்பெயனீரார் என்று வைத்தார்கள். அடுத்த பாட்டுக்காரர் அணிலாடு முன்றிலார். ஆள் தெரியாதபோதும் ஆளுக்கு ஒரு நிலையான தலைப்பு. இதைவிட நல்ல அத்தாரிட்டி பதிவு நான் பார்த்ததில்லை.

சாதிப் பெயரில்தான் அதிக நேரம் செலவானது. விதி சாதிப் பெயரைப் பெயரின் ஒரு பகுதி என்ற அளவில் பேசிவிட்டுப் போய்விடுகிறது. இங்கே அது அவ்வளவு லேசான விஷயம் இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பெரியார் தம் பெயரிலிருந்து நாயக்கரை எடுத்தார். ஆனால் பழைய அச்சுகளிலும் அவற்றைப் பார்த்துச் செய்த பழைய பட்டியல்களிலும் 'ராமசாமி நாயக்கர்' இருக்கிறது. எங்கள் அட்டையிலும் இருந்தது, அங்கிருந்து கோஹாவுக்கும் வந்திருந்தது. நாங்கள் வகுத்த வழி: ஒருவர் தானே கைவிட்ட பெயரைத் தலைப்பாகக் காட்டுவதில்லை, ஆனால் அழிப்பதும் இல்லை. மாற்றுப் பெயராக உள்ளே இருக்கும். பழைய நூல் குறிப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தேடுபவருக்கு அது வேண்டும். சாமிநாதையர் போல வைத்துக்கொண்டவர்களின் பெயரில் கை வைக்கவில்லை. முகப்பில் உள்ளதைத் திருத்த நாம் யார்? வேதாசலம் என்ற பெயரைத் தனித்தமிழுக்காக மறைமலை என்று மாற்றிக்கொண்ட அடிகளுக்கும் இதே முறைதான். மறைமலை அடிகள் தலைப்பு, சுவாமி வேதாசலம் உள்ளே. ஆனால் வி.கோ. சூரியநாராயண சாஸ்திரியைப் பரிதிமாற்கலைஞர் ஆக்குவதில் தயக்கம் இருந்தது. அவர் வாழ்ந்தபோது பெரும்பாலும் சாஸ்திரி என்றுதான் வெளியிட்டார். இன்றைய வாசகருக்கோ பரிதிமாற்கலைஞர் என்றால்தான் தெரியும். வாசகர் பக்கம் சாய்ந்தோம்.

புனைபெயர் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டோம். உயிரோடு இருப்பவர்கள், அதிலும் வீட்டுக்குத் தெரியாமல் எழுதத் தொடங்கிய பெண்கள், தங்கள் இயற்பெயரைத் தாங்களே அச்சில் வெளியிடாதவரை நாங்கள் பதிய மாட்டோம். 'எனக்குத் தெரியும்' என்பது பட்டியல்காரருக்கு ஒரு காரணம் ஆகாது. இ.பா. குழப்பமே அப்படி வந்ததுதான்.

அப்புறம் எழுத்துச் சிக்கல்கள். யாரும் எதிர்பாராத ஒன்று ஔவையார். பட்டியலில் அவர் இரண்டாக இருந்தார், கண்ணால் பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. ஒன்றில் முதல் எழுத்து உண்மையான 'ஔ'. மற்றதில் யாரோ 'ஒ' தட்டி, பக்கத்தில் 'ள' தட்டியிருந்தார்கள். திரையில் இரட்டைப் பிள்ளைகள், கணினிக்கு வேறு வேறு ஊர்க்காரர்கள். கௌரி என்ற பெயரிலும் இதே கதை. கொம்பு போட்டு 'ள' தட்டினால் போதும், வேறு கௌரி பிறந்துவிடுவார். இவற்றைத் தேடிப் பிடிக்க ஒரு சின்ன நிரலே எழுத வேண்டியதாயிற்று. இனிஷியலுக்கும் பெயருக்கும் இடையே இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதிலும் ஒரே எழுத்தாளர் மூன்றாகக் கிடந்தார். புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி என்று சேமிப்பில் ஒரே முறை வைத்தோம், தேடும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அமைத்தோம். இராமசாமி, ராமசாமி போன்ற இகரங்கள் மாற்றுப் பெயரில் போயின.

ஆங்கில எழுத்தில் வந்த பதிவுகள் தனி உலகம். அமெரிக்க நூலகங்களின் எழுத்துப்பெயர்ப்பு முறையில் தமிழ்ப் புத்தகத்தில் உள்ள காந்தி 'கே' என்ற எழுத்தில் தொடங்குவார், ஏனென்றால் நம் 'க' ஒன்றுதான். ஆங்கிலப் புத்தகத்தில் 'ஜி'. தமிழ் எழுத்துக்கு அந்த முறை நேர்மையாக இருக்கிறது, அதில் குறை இல்லை. ஆனால் எங்கள் மாணவர் யாரும் ஜெயகாந்தனைத் தேட மேற்கோடு, அடிக்கோடு போட்டுத் தட்டப்போவதில்லை. தமிழ் எழுத்தில் உள்ளதே முதன்மை, ஆங்கில வடிவங்கள் எல்லாம் உள்ளே என்று வைத்தோம். பெருமாள்முருகன் தமிழில் ஒரே சொல், ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இரண்டு சொல். அதைப் பார்த்து வெளிநாட்டுப் பதிவுகள் 'முருகன்' என்று வெட்டித் தந்தால், இங்கே வந்ததும் ஒட்ட வேண்டியிருக்கிறது.

சறுக்கிய இடங்களையும் சொல்ல வேண்டும். அலமாரியில் புத்தக முதுகில் ஒட்டிய சீட்டை மறந்தே போனோம். 894.8113 என்ற தமிழ்ப் புனைகதைக்கான வகைப்பாட்டு எண்ணுக்குக் கீழே எழுத்தாளர் பெயரின் முதல் இரண்டு எழுத்து. ராஜம் கிருஷ்ணனின் தலைப்பை மாற்றிய நாளிலிருந்து புதிதாக வந்த புத்தகங்கள் 'ராஜ', பழையவை 'கிரு'. ஒரே எழுத்தாளர் அலமாரியின் இரண்டு கோடியில். புத்தகம் எடுத்து வைக்கும் அண்ணன்தான் வந்து, "என்ன சார், இந்தம்மாவைப் பிரிச்சு வெச்சிட்டீங்க?" என்று கேட்டார். சீட்டு மாற்றும் வேலை கோடை விடுமுறைக்குப் போயிற்று, இன்னும் முழுதாக முடியவில்லை.

இன்னொன்று, வெளியிலிருந்து பதிவுகளை இறக்கும்போது நடப்பது. வேறு நூலகத்தின் பதிவை அப்படியே எடுத்தால் அதனோடு 'கிருஷ்ணன், ராஜம்' மீண்டும் உள்ளே வந்துவிடுகிறது. நாங்கள் திருத்திய சில வாரங்களில் சில தலைப்புகள் பழையபடி ஆகியிருந்தன. இப்போது இறக்கியதும் எழுத்தாளர் புலத்தை ஒருவர் கையால் எங்கள் எண்ணோடு இணைத்த பிறகுதான் பதிவு வெளியே தெரியும். வேகம் குறைந்திருக்கிறது. அதற்காக வருத்தப்படவில்லை.

தெரியாத பெயர்கள் ஒரு பெட்டி நிறைய மீதம். உள்ளூர்க் கவிஞர்கள் சொந்தச் செலவில் போட்ட சின்னப் புத்தகங்கள். முன்னால் இருப்பது அப்பாவா, ஊரா, கணவரா என்று முகப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. தெரியாவிட்டால் வெட்டாதே என்பது எங்கள் முடிவு, பெயர் முழுதாக அப்படியே பதியும். பின்னட்டையில் தொலைபேசி எண் இருந்தால் கூப்பிட்டுக் கேட்கிறோம். கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மகிழ்ந்துபோகிறார்கள். "நூலகத்துலேருந்தா?" என்று இரண்டு முறை கேட்கிறார்கள்.

போன வாரம் கூப்பிட்ட ஒருவரிடம், உங்கள் பெயருக்கு முன்னால் இருக்கிற இரண்டு எழுத்தும் எதைக் குறிக்கின்றன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "முதல் எழுத்து ஊர் சார். ரெண்டாவது எங்க அப்பா. அந்த ரெண்டாவதை எடுத்துடுங்க. அடுத்த புத்தகத்துல அது இருக்காது."

அடுத்த புத்தகம் இன்னும் வரவில்லை. கையில் இருக்கிற புத்தகத்தின் முகப்பில் இரண்டு எழுத்தும் இருக்கின்றன. பதிவைச் சேமிக்காமல் வைத்திருக்கிறேன்.